இடம் நோக்கிப் பொருள் காணல்

தேர்வெழுதும் மாணவர் பலர், பாடநூலில் இல்லாத உரைப்பகுதியைக் கண்டவுடன் அஞ்சுவர். அதன்கண் அறியாத சொல் ஒன்று எதிர்ப்படின் அவ்விடத்திலேயே நின்றுவிடுவர். நேரம் கழிந்துகொண்டே இருக்கும். கீழுள்ள வினாக்களோ விடையின்றிக் கிடக்கும். தேர்வுக்கூடத்தில் அகராதி இல்லைதான். ஆயினும், அச்சொல்லின் பொருளை உணர்த்தும் துணை பெரும்பாலும் அவ்வுரைப்பகுதியிலேயே அமைந்திருக்கும்.

"ஏரி நிரம்பியது. ஊரார் தூம்பைத் திறந்தனர். அதன் வழியே பாய்ந்த நீர் வாய்க்காலை அடைந்து வயல்களை நனைத்தது" என்பது ஒரு பகுதி எனக் கொள்க. தூம்பு யாது என்னும் வினாவிற்குக் கரை, மதகு, கிணறு, கலப்பை என நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன. தூம்பு திறக்கப்படுவது, நீர் செல்லும் வழியாவது, ஏரிக்கும் வாய்க்காலுக்கும் இடையே உள்ளது. கரையைத் திறப்பார் இலர். ஏரிநீர் கிணற்றின் வழியே வாய்க்காலுக்குப் பாய்வதில்லை. கலப்பை உழவுக்கு உரியதாயினும் இவ்விடத்திற்கு இயையாது. எஞ்சியது மதகு. அச்சொல்லைத் தூம்பு நின்ற இடத்தில் வைத்துப் படித்தால் வாக்கியம் தடையின்றிச் செல்கின்றது.

இந்நெறி புதியதன்று. பல பொருள் தரும் ஒரு சொல், தான் கொண்டு முடியும் வினையாலும், தன்னோடு சேர்த்து எண்ணப்பெறும் இனத்தாலும், தன்னைச் சூழ்ந்த சார்பாலும் பொருள் தெளியப்படும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் வகுத்துள்ளார்.

அறியாத சொல்லினும் அறிந்த சொல்லே மாணவரை மிகுதியும் ஏமாற்றும். அறியாத சொல்லைக் கண்டவன் ஆராய்கின்றான். அறிந்த சொல்லைக் கண்டவன் ஆராயாது செல்கின்றான். "மாலையில் கால் வீசத் தொடங்கியது, தோணியின் பாய் புடைத்தது" என்னும் தொடரில் கால் என்பதற்கு உடலின் உறுப்பு என்று விடை எழுதுவோர் உண்டு. கைகால் வீசி நடத்தல் வழக்கில் உள்ளமையால், வீசுதல் என்னும் வினை மட்டும் ஐயத்தைப் போக்கவில்லை. அடுத்துள்ள பாயை நோக்கலாம் என்றால், அதுவும் படுக்கும் பாயையும் குறிக்கும் சொல்லாயிற்று! தோணி என்னும் சார்பே பாயின் பொருளைத் தெளிவிக்கின்றது. தோணியின் பாயைப் புடைக்கச் செய்வது காற்று. ஆதலின் கால் என்பது காற்றே. வினா அமைப்போர் பெரும்பாலும் உறுப்பு என்பதையும் விடைகளுள் ஒன்றாக வைப்பர். விரைந்து எழுதுவோர் அதனைத் தொட்டு மதிப்பெண் இழப்பர்.

பிற நாட்டுத் தேர்வுகளிலும் இவ்வகை வினா உண்டு. அமெரிக்க நாட்டில் கல்லூரி புக விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. என்னும் தேர்வு 2016ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்டது. அப்பொழுது அருஞ்சொற்களை மனப்பாடம் செய்தார்க்கே எளிதாயிருந்த வினாக்கள் விலக்கப்பட்டு, பழகிய சொல் உரைப்பகுதியில் எப்பொருளில் நின்றது என வினவும் முறை முதன்மை பெற்றது.

சில இடங்களில் ஒரு தொடர் பொருளின் ஒரு பகுதியையே தரும். "மூத்தவன் ஈகையிற் சிறந்தவன், இளையவனோ இவறுபவன்" என்பதில், இளையவனோ என்னும் ஓகாரம் இருவர்க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகின்றது. இளையவன் ஈயாதவன் என்பது விளங்கும். வறுமையால் ஈயாதவனா, மனமின்றி ஈயாதவனா என்பது விளங்காது. "பெட்டி நிறையப் பொன் இருந்தும் இரப்போர்க்கு ஒரு காசும் அளியான்" என அடுத்த தொடர் வந்தபின்னரே அவன் கஞ்சன் என்பது துணியப்படும். ஐயம் எழுந்த தொடரோடு நில்லாது அடுத்த தொடரையும் படித்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

எவ்வளவு முயன்றும் பொருள் துணிய இயலாத இடங்களும் உள. "அவன் காட்டில் வேங்கையைக் கண்டான்" என்று மட்டும் இருந்தால், கண்டது மரமோ புலியோ என எவரும் கூறுதல் அரிது. கண்டவன் ஓடினான் என்றோ, பூக்கொய்தான் என்றோ எழுதியிருந்தால் ஐயம் இராது. வினையால் வேறுபாடு தோன்றாத இடத்தில், சொல்லுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படக் கூறவேண்டும் என்பதும் தொல்காப்பியர் விதியே. அங்கு வேங்கை மரம் என எழுதாது விட்ட குறை எழுதியவனைச் சாரும். படிக்கும் மாணவனைச் சாராது.