பெட்டி கோக்கும் சிறிய எஞ்சின்

லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டங்களில் இரயிலோசை கேட்பதில்லை. மலையிறங்கித் தாப்பா ரோட்டுக்குப் போனால்தான் நாம் தண்டவாளத்தைக் காண்கிறோம். அங்கும், நெடுந்தொலைவு ஓடும் வண்டியை வியக்கிறோமே தவிர, யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்து வரிசைப்படுத்தும் சிறிய எஞ்சினை நினைப்பதில்லை. அந்த வேலைக்குத்தான் ஷண்டிங் என்று பெயர்.

மலாயா இரயில்வேயில் நெடுவழி வண்டிகளுக்கு டீசல் எஞ்சின்கள் வந்தது 1957இல். ஷண்டிங் வேலைக்கோ 1948இலேயே வந்துவிட்டன. இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த அவை 15ஆம் வகுப்பு எனப்பட்டன, மொத்தம் 20.

சிறியது முந்தியது ஏன்? ஷண்டிங்கில் ஓட்டத்தைவிடக் காத்திருப்பே அதிகம். நீராவி எஞ்சின் சும்மா நின்றாலும் நெருப்பு எரிய வேண்டும்; அணைத்துவிட்டால், மீண்டும் நீராவி சேரப் பல மணி நேரமாகும். டீசலை வேண்டும்போது முடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். இவ்வகையில் டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றும். அந்த மின்சாரம் மோட்டார் வழியே சக்கரத்தை உருட்டும். ஆகவே, கனத்த பெட்டிகளும் குலுங்காமல் மெல்ல நகரும்.

நெருப்பு போனதும், அதைக் காத்து நின்ற பயர்மேனின் வேலையும் போயிற்று. புகை ஒழிந்ததற்கு மகிழும் நாம், அனலில் வெந்த அந்தக் கைகளையும் மறவாதிருப்போம்.