பிளாட்டினம் புற்றுநோயை எப்படிக் கொல்கிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். ஈ.கோலை என்ற அந்தப் பாக்டீரியா பிளவுபடாமல் நூலாக நீண்டது. 1965இல் ஆய்வு வெளியானது. காரணம் மின்சாரமல்ல, பிளாட்டினம் மின்முனை கரைந்து உருவான சேர்மங்கள். அவற்றில் ஒன்றுதான், பின்னர் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின். 1845லேயே பெய்ரோன் என்பவர் தயாரித்து, மருந்தென்று யாரும் நினைக்காத பொருள்!

சிஸ்பிளாட்டின் மூலக்கூறின் நடுவில் பிளாட்டினம்; ஒரு பக்கம் இரண்டு குளோரின், மறுபக்கம் இரண்டு அம்மோனியா. இரத்தத்தில் குளோரைடு மிகுதி என்பதால் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே குளோரின் கழன்று நீர் மூலக்கூறு ஒட்டும்; பிறகு நீரும் விலக, டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள குவானின் என்னும் இரு அலகுகளைப் பிளாட்டினம் பற்றிக்கொள்ளும். டிஎன்ஏ வளைகிறது, நகலெடுப்பு தடைபடுகிறது, பழுதுபார்க்க முடியாத செல் தன்னையே அழித்துக்கொள்கிறது.

வியப்பு என்னவென்றால், அதே அணுக்களை எதிரெதிரே அடுக்கிய டிரான்ஸ்பிளாட்டின் மருந்தாக உதவாது. பக்கத்துப் பக்கத்துக் குவானின்களை அதனால் பிடிக்க முடியாது.

சிஸ்பிளாட்டினை 1978இல் அமெரிக்கா அனுமதித்தது. விந்தகப் புற்றுநோயில் இதன் பலன் அபாரம். ஆனால் செவித்திறனும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீரகத்தைக் காக்கத்தான் இன்றும் மருந்தோடு நிறைய உப்புநீரும் ஏற்றுகிறார்கள்.