பாடத்துக்கு வந்த பிணங்கள்! 16 பேரைத் தீர்த்துக்கட்டிய கூட்டாளிகள்

டாக்டருக்குப் படிக்கப் போகிறவனுக்கு ஆரம்பப் பாடம் பிணத்திடம்தான். எந்த எலும்பு எங்கே இருக்கிறது, இருதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சரி, அந்தப் பிணம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் காசை நீட்டினார் ஒரு வாத்தியார். 1828-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 16 உயிர்கள் பலியாயின.

அந்த வாத்தியார் பெயர் டாக்டர் ராபர்ட் நாக்ஸ். பேச்சில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகப் பேராசிரியரின் பாடம் சலித்துப்போன மாணவர்கள் இவருடைய தனி வகுப்புக்கு ஓடிவந்தார்கள். 400 பேருக்கு மேல்! இத்தனை பேருக்கும் அறுக்க உடல் வேண்டாமா? தூக்கில் போட்டவர்கள், சிறையில் செத்தவர்கள், அனாதைகள் ஆகியோரின் உடல்கள்தான் சட்டப்படி கிடைத்தன. அது போதவில்லை.

ராத்திரியில் கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடும் ஆசாமிகள் கிளம்பினார்கள். ஜனங்கள் கல்லறை மேல் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். காவல் கோபுரமும் கட்டினார்கள். பிணத்துக்குக் கிராக்கி ஏறியது.

வாடகைப் பாக்கி

வெஸ்ட் போர்ட் பகுதியில் ஏழைகள் தங்கும் விடுதி நடத்தியவன் வில்லியம் ஹேர். அங்கே வந்து ஒட்டிக்கொண்டவன் வில்லியம் பர்க். இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1827 நவம்பரில் விடுதியில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் நோயில் இறந்தார். 4 பவுண்டு வாடகைப் பாக்கி. ஹேர் விடுவானா? சவப்பெட்டியில் மரப்பட்டையை நிரப்பிப் புதைக்க அனுப்பிவிட்டு, உடலை நாக்ஸிடம் தள்ளினார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது!

ருசி கண்டுவிட்டார்கள். அடுத்த ஆள் தானாகச் சாகட்டும் என்று காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

காயம் இல்லை, தடம் இல்லை

கேட்க நாதியில்லாத ஏழைகளைத் தேடிப் பிடித்து விஸ்கி ஊற்றிக் கொடுப்பார்கள். போதையில் சாய்ந்ததும் ஒருவன் மார்பின் மேல் ஏறி அழுத்துவான். இன்னொருவன் மூக்கையும் வாயையும் பொத்துவான்.

நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்க வேண்டும். விலா எலும்புகள் மேலே எழும்ப வேண்டும். அப்போதுதான் நெஞ்சுக்கூடு விரிந்து காற்று உள்ளே போகும். மார்பில் ஓர் ஆள் பாரம் ஏறினால் விலா எப்படி அசையும்? மூக்கும் வாயும் அடைபட்டால் கேட்கவே வேண்டாம். பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்களில் மூளை செத்துவிடும். கத்திக் காயம் கிடையாது. கழுத்தில் கயிற்றுத் தடமும் கிடையாது. மாணவர்கள் முதல் வருடத்தில் படிக்கிற மூச்சுப் பாடத்தை இந்த இருவரும் கொலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கோடையில் ஒரு உடலுக்கு 8 பவுண்டு. சீக்கிரம் கெடாத குளிர்காலத்தில் 10 பவுண்டு. மண் ஒட்டாத புத்தம் புதுப் பிணங்கள் வரிசையாக வந்தும் நாக்ஸுக்குச் சந்தேகமே வரவில்லையாம்! நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஜேமி என்ற கால் ஊனமான பையன் எடின்பரோ தெருக்களில் எல்லாருக்கும் தெரிந்தவன். அவன் உடல் மேஜைக்கு வந்தபோது சில மாணவர்கள் அடையாளம் கண்டு சொன்னார்கள். நாக்ஸ் மறுத்துவிட்டார். மற்ற உடல்களை முந்திக்கொண்டு அந்த உடல் அறுக்கப்பட்டது.

வைக்கோலுக்கு அடியில்

கடைசியில் கூட்டாளிகளைப் பிடித்துக் கொடுத்ததும் ஓர் ஏழைக் குடும்பம்தான். 1828 அக்டோபர் 31-ந் தேதி ராத்திரி மார்கரெட் டோச்சர்டி என்ற பெண் கொல்லப்பட்டாள். மறுநாள் ஜேம்ஸ் கிரே, ஆன் கிரே தம்பதி வைக்கோலுக்கு அடியில் அவள் உடலைப் பார்த்துவிட்டார்கள். வாயை மூடினால் வாரம் 10 பவுண்டு என்று பர்க்குடன் வாழ்ந்த பெண் ஆசை காட்டினாள். தம்பதி மசியவில்லை. நேரே போலீசுக்குப் போனார்கள். போலீசார் நாக்ஸின் இடத்தில் தேடியபோது அங்கே ஒரு பெட்டியில் உடல் கிடந்தது.

ஹேர் அப்ரூவராகித் தப்பித்தான். டிசம்பர் 24-ந் தேதி தொடங்கிய விசாரணை விடிய விடிய நடந்து, கிறிஸ்துமஸ் காலையில் பர்க்குக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. 1829 ஜனவரி 28-ல் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் உடலையும் பாடத்துக்கே கொடுத்தார்கள். அந்த எலும்புக்கூடு எடின்பரோ உடற்கூறு அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது.

நாக்ஸ் மீது வழக்கே இல்லை. ஜனங்கள் கொடும்பாவி கொளுத்தியதோடு சரி.

1832-ல் பிரிட்டனில் புதுச் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி பிறந்தது. கொலை வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் அறுபடுவது ஏழை உடல்தான் என்ற பயம் ஜனங்களைவிட்டுப் போகவில்லை. நம் நாட்டு உடற்கூறுச் சட்டங்களும் கேட்பாரற்ற உடல்களைக் கல்லூரிக்குத் தருவதற்கே வந்தவை.

இப்போது மனமுவந்து உடல் தானம் எழுதிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. இறந்த பிறகு வீட்டார் கல்லூரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். கொலை, விபத்து என்று பிரேதப் பரிசோதனை நடந்த உடலைக் கல்லூரிகள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை.