குண்டு எங்கே போய் நிற்கும்?

.22 லாங் ரைஃபிள் தோட்டாவின் மொத்த நீளம் ஓர் அங்குலம். அதன் முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை 2.6 கிராம். 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் இதை அறிமுகம் செய்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் முதன்முதலில் சுட்டுப் பழகுவது பெரும்பாலும் இந்தத் தோட்டாவில்தான். சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, விலையும் குறைவு. ஆனால் இந்தத் தோட்டாப் பெட்டிகளில் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். ஒன்றரை மைல் தூரம் வரை இது ஆபத்தானது என்பதே அதன் சாரம். ஒன்றரை மைல் என்றால் 2.4 கிலோமீட்டர்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் சொந்த நிலத்தில், வீட்டுக்குப் பின்னால் இலக்கு நட்டுச் சுட்டுப் பழகுவது சாதாரண பொழுதுபோக்கு. பல மாநிலங்களில் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவுகளில் 10 ஏக்கரும் அதற்குக் குறைவாகவும் உள்ள மனைகளில் சுடுவதைக் கட்டுப்படுத்தக் கவுன்டி நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. ஃபுளோரிடாவில் ஏக்கருக்கு ஒரு வீடு அல்லது அதற்கு மேல் இருக்கும் குடியிருப்புப் பகுதியில் பொழுதுபோக்குக்காகச் சுடக் கூடாது. சட்டம் நிலத்தை ஏக்கரில் அளக்கிறது. துப்பாக்கிக் குண்டுக்கோ அந்த அளவு பொருட்டே இல்லை. சதுரமான 10 ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 200 மீட்டர். .22 குண்டு அதை முக்கால் நொடிக்குள் கடந்துவிடும். பெட்டியில் சொல்லும் 2.4 கிலோமீட்டரை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 4,500 ஏக்கர் வரும். அவ்வளவு நிலம் யாரிடம் இருக்கிறது? ஆகவே, பாதுகாப்பு நிலத்தின் பரப்பில் இல்லை. குண்டை எது நிறுத்தப்போகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தோளுயரத்தில், ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில், துப்பாக்கியைச் சரியாகக் கிடைமட்டமாகப் பிடித்துச் சுடுகிறோம். குண்டு எவ்வளவு வேகமாகப் போனாலும் புவியீர்ப்பு அதை விட்டுவைக்காது. கையிலிருந்து நழுவும் கல் தரையைத் தொடும் அதே அரை நொடியில் குண்டும் தரைக்கு வந்துவிடும். அதற்குள் அது சுமார் 160 மீட்டர் போயிருக்கும். இப்போது துப்பாக்கியை ஒரே ஒரு டிகிரி மேலே தூக்குவோம். ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியில் குழலின் முனை 1.7 சென்டிமீட்டர் உயர்வதற்குப் பெயர்தான் ஒரு டிகிரி. கை சற்றே தளர்ந்தாலும், ஒரு தும்மல் வந்தாலும் இந்த வித்தியாசம் வந்துவிடும். அப்படிச் சுட்ட குண்டு 350 மீட்டரைத் தாண்டித்தான் தரையைத் தொடும். வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அடுத்தவர் முற்றத்துக்குப் போக ஒரு டிகிரி போதும்.

காற்று மட்டும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். வெற்றிடத்தில் 45 டிகிரி சாய்வில் இதே குண்டைச் சுட்டால் 11 கிலோமீட்டர் போகும். காற்றின் தடைதான் அதைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் அடக்குகிறது. காற்றுத் தடை இருப்பதால், குண்டு மிக அதிகத் தூரம் போகும் கோணமும் 45 டிகிரியிலிருந்து 30, 35 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06 போன்ற பெரிய தோட்டாக்களின் குண்டு ஐந்து கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது.

வானத்தை நோக்கிச் சுட்டால் யாருக்கும் கேடில்லை என்ற நம்பிக்கையும் பொய். அமெரிக்க ராணுவத்தின் ஆயுத வல்லுநர் ஜூலியன் ஹாட்சர் இதை 1920-ஐ ஒட்டி ஃபுளோரிடாவில் சோதித்துப் பார்த்தவர். நேர் செங்குத்தாகச் சுட்ட ராணுவ ரைஃபிள் குண்டுகள், அடிப்பாகம் கீழாக, நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் இறங்கின. குழலைவிட்டுக் கிளம்பிய வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் உண்மையில் யாரும் நேர் செங்குத்தாகச் சுடுவதில்லை. சாய்வாகப் போன குண்டு வளைகோட்டில் தன் வேகத்தில் ஒரு பங்கைத் தக்கவைத்துக்கொண்டே இறங்கும். 1999-ல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, எங்கிருந்தோ வந்த குண்டுக்குப் பலியானாள். மறு ஆண்டே அம்மாநிலம், நகர எல்லைக்குள் அலட்சியமாகச் சுடுவதைப் பெருங்குற்றமாக்கியது.

அதனால்தான், விவரம் தெரிந்தவர்கள் இலக்குப் பலகையைவிட அதன் பின்னால் இருக்கும் மண்மேட்டில்தான் காசையும் உழைப்பையும் போடுகிறார்கள். இயற்கையாகவே குன்றின் சரிவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆள் உயரத்துக்கும் மேலாக மண்ணைக் குவித்துக் கரை எழுப்ப வேண்டும். மணல், களி கலந்த மண் இரண்டும் ஏற்றவை. கல் கூடாது.

மணல் குண்டை எப்படி நிறுத்துகிறது என்பது அழகான இயற்பியல். குண்டு நுழைந்ததும் அதன் எதிரில் இருக்கும் மணல் துகள்கள் விலக இடமின்றி ஒன்றையொன்று நெருக்குகின்றன, உரசுகின்றன, நொறுங்கவும் செய்கின்றன. குண்டின் ஆற்றல் நொடியின் மிகச் சிறிய பின்னத்தில் ஆயிரக்கணக்கான துகள்களுக்குப் பங்கிடப்பட்டு வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. மென்மையான ஈயம் முன்பக்கம் நசுங்கிக் காளான் வடிவம் எடுப்பதால் தடை மேலும் கூடுகிறது. இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. அதைப் பதிவு செய்தவரும் ஹாட்சர்தான். பக்கத்திலிருந்து சுடும் அதிவேக ரைஃபிள் குண்டு, 200 கஜத்திலிருந்து வரும் அதே குண்டைவிட மணலில் குறைந்த ஆழமே போகிறது. வேகம் மிகுதியாக இருக்கும்போது குண்டு நிலைகுலைந்து புரள்கிறது, உடைகிறது. துண்டுகள் சீக்கிரமே நின்றுவிடுகின்றன. வேகம் சற்றுத் தணிந்து நேராக வரும் குண்டே ஆழமாகத் துளைக்கிறது. வேகம் கூடினால் துளைப்பும் கூடும் என்று நம் உள்ளுணர்வு சொல்வதை மணல் ஏற்பதில்லை.

வைக்கோல் கட்டு நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அம்புக்கு அது போதும், குண்டுக்குப் போதாது. பலகைகளை .22 குண்டு துளைத்துக்கொண்டு போகும். பழைய டயரை மண் நிரப்பாமல் வெறுமனே அடுக்கினால், ரப்பர் குண்டைத் திருப்பி அனுப்பும். நல்ல மண்மேட்டுக்கும் பராமரிப்பு வேண்டும். ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டேயிருந்தால் அங்கே ஒரு குழி விழும். குழிக்குள் பழைய ஈயம் அடைந்து கிடக்கும். புதிய குண்டு மண்ணில் படாமல் பழைய குண்டில் மோதிச் சிதறத் தொடங்கும். ஆகவே அவ்வப்போது மண்ணைத் தோண்டிச் சலித்து, ஈயத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கரையைப் பழையபடி உயர்த்த வேண்டும். மழைக்குப் பிறகு மேலே கல் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கல்லைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம், தெறிப்பு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகுமே, குண்டும் அப்படித்தான் போகும். சில டிகிரி சாய்வில் நீரின்மேல் படும் குண்டு மூழ்காமல் எழும்பிவிடும். கெட்டித் தரையும் அப்படியே. தெறித்த குண்டு உருக்குலைந்து, புரண்டுகொண்டே, யாராலும் கணிக்க முடியாத திசையில் போகும். தரைமட்டத்தில் தகர டப்பாவை வைத்துச் சுடுவது விளையாட்டாகத் தெரியலாம். அதன் பின்னால் இறுகிய வெட்டவெளித் தரை இருந்தால், அதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறில்லை என்பேன்.

எஃகுத் தகட்டை இலக்காக வைப்பவர்களும் உண்டு; பட்டதும் 'டங்'கென்று மணி ஒலிக்கும் சுகம் அதில் இருக்கிறது. தகட்டை நெருங்கிப் பார்த்தால் நடப்பது புரியும். ஈயக் குண்டு தகட்டின்மேல் திரவம்போலப் பரவி, தகட்டின் பரப்பை ஒட்டிய திசையில் எல்லாப் பக்கமும் வட்டமாகச் சிதறுகிறது. தட்டையான, மிகக் கடினமான தகடாக இருந்து, சற்று முன்னோக்கிக் கவிழ்ந்தும் இருந்தால் சிதறலில் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். மலிவான மென்மையான எஃகாக இருந்தால் குண்டு பட்ட இடமெல்லாம் கிண்ணம்போலக் குழியும். அடுத்த குண்டு அந்தக் கிண்ணத்தின் வளைவில் திரும்பிச் சுட்டவரை நோக்கியே வரும். குழி விழுந்த தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே சரி. பாலிகார்பனேட் கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கவே கூடாது, வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் உட்பட.

சத்தத்துக்கு வருவோம். .22 ரைஃபிளின் வெடிப்பே 140 டெசிபலை ஒட்டியது. பெரிய ரைஃபிள்கள் 160-ஐத் தாண்டும். திடீர் ஒலிக்குப் பாதுகாப்பின் உச்ச வரம்பாக 140 டெசிபலைக் கொள்கிறார்கள். உள்காதிலுள்ள மெல்லிய முடியணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டுக்கொள்வது மிகையல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்பது இரண்டு ஒலிகள்: குழல் வாயின் வெடிப்பு ஒன்று, ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் சாட்டையடி இன்னொன்று. 20 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். போட்டிகளுக்கான .22 தோட்டாக்களைச் சுமார் 330 மீட்டரிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒலியின் வேகத்தைக் கடந்து திரும்ப இறங்கும்போது குண்டு தடுமாறும், குறி பிசகும். துல்லியத்துக்காகச் செய்த ஏற்பாடு அயலாரின் நிம்மதிக்கும் உதவுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் ஈயம். குண்டிலிருந்து மட்டுமல்ல, பெரும்பாலான தோட்டாக்களில் நெருப்பு மூட்டும் ஈய ஸ்டிஃப்னேட்டிலிருந்தும் நுண்தூளாகக் கிளம்பி, கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் உடை மாற்றுவதும் கட்டாயம். மண்ணில் தங்கிய ஈயத்தை அமில மண் மெல்லக் கரைத்துக் கிணற்றுநீர் வரை கொண்டுபோகக்கூடும். மண்ணின் அமில கார அளவை 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் வைத்திருங்கள், தேவையானால் சுண்ணாம்பு கலந்துகொள்ளுங்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழிகாட்டுகிறது. கோழி வளர்ப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். இரை அரைக்கச் சிறுகல் பொறுக்கும் கோழி, ஈயத்துண்டையும் கல் என்று விழுங்கும். அது இரைப்பையில் அரைபட்டு முட்டைக்கும் வந்து சேரும்.

இத்தனை ஏற்பாடுகளும் குண்டு பறப்பதால் வருபவை. ஆனால் சுடும் திறமையில் பெரும்பங்கைக் குண்டே இல்லாமல் கற்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, பஞ்சாபில் தன் வீட்டிலேயே சுடுதளம் அமைத்துப் பழகியவர். அவருடைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டால் 10. குழலின் முனை கால் மில்லிமீட்டர் விலகினால் 10 கைநழுவும். இதயம் ஒருமுறை துடித்தாலே குழல் அசையும். தேர்ந்த வீரர்கள் இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலுள்ள அமைதியில் விசையை அழுத்துகிறார்கள் என்று 1980-களில் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்துகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டிருப்பதும் இதனால்தான். நிற்கும் முறை, மூச்சு, விசையை அலுங்காமல் இழுப்பது ஆகியவற்றை அறைக்குள், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்தே பழகலாம். தோட்டா இல்லை என்பதை இரண்டுமுறை சரிபார்த்தே இதைத் தொடங்க வேண்டும். .22 துப்பாக்கியில் சுடும் ஊசி குழலின் விளிம்பைச் சேதப்படுத்தாமல் இருக்கப் போலித் தோட்டா போட வேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை வெறுமனே சுடவே கூடாது, பிஸ்டன் பழுதாகும்.

நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் சுடுவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோரும் வாங்கித் தருகிறார்கள். தோட்டத்தில் தென்னை மரத்தில் அட்டை கட்டிச் சுடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பதைக்கிறது. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் 8 ஜூல்தான். கண்ணைப் பறிக்க அதில் பாதிகூட வேண்டாம். பிரிட்டனில் ஏர் ரைஃபிள் பெல்லட் அனுமதியின்றி வேலி தாண்டினாலே குற்றம். இங்கும் நாமே அந்த விதியை வைத்துக்கொள்ளலாம். ரைஃபிள் வாங்கும் முன் கனமான எஃகுத் தகட்டைப் பெட்டிக்குள் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து ஒரு பெல்லட் பொறி செய்யுங்கள். அதன் பின்னால் செங்கல் சுவரோ மண்மேடோ இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.