பன்றிகளுக்கு வரும் தொத்துவியாதிகள்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீன்பிடிக் கிராமங்களில் மீன் தலைக்கும் குடலுக்கும் குறைவில்லை. பன்றி வளர்ப்போருக்கு இவை செலவில்லாத தீனியாகத் தோன்றும். ஆனால் வேகவைக்காத கழிவுகளே பன்றிகளுக்கு வியாதி வரும் முக்கிய வழிகளுள் ஒன்றாகும். வியாதி இன்னதென்று பகுத்தறியாமல் காலங்கடத்துவதனால் பிழைக்கக்கூடிய பன்றியும் மாண்டு போகிறது. பிழைக்க வகையில்லாத வியாதியோ அண்டைக் கொட்டில்களுக்கும் பரவிவிடுகிறது.

ஆரம்பக் குறிகள்: சுகமாயுள்ள பன்றி தீனி வைத்தவுடன் ஓடி வரும். எழுந்து வராமல் மூலையில் முடங்கிக் கிடக்கும் பன்றியை அன்றே பிரித்து வைத்து, ஆசனவாயில் உஷ்ணமானி வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண உடல் உஷ்ணம் 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 105 டிகிரிக்கு மேற்பட்டால் தொத்துவியாதி என்றே சந்தேகிக்க வேண்டும்.

எரிசிபெலஸ்: இது பாக்டீரியாவினால் உண்டாவது. தோலில் சாய்சதுர வடிவமான சிவந்த தடிப்புகள் காணும். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். மூட்டு வீங்கி நொண்டுவதும் உண்டு. சில சமயம் தடிப்பு எதுவும் தோன்றுமுன்னரே பன்றி திடீரென்று இறந்துவிடும். கால்நடை வைத்தியர் காலத்தில் பெனிசிலின் ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குணம் தெரியும்.

இந்தக் கிருமி மீன்களின் மேலுள்ள கொழகொழப்பிலும் உயிர்வாழ்வதாகும். மீன் முள்ளோ நண்டின் கொடுக்கோ கையில் குத்தினால், அக்காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றி, விரல் ஊதா கலந்த சிவப்பாய் வீங்கி எரியும். ஆகையால் மீன் ஆய்வோரும் பன்றியைத் தொடுவோரும் சோப்பிட்டுக் கைகழுவுதல் அவசியம். வீக்கம் கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பன்றி ஜுரம்: இது வைரஸினால் வருவது. கடும் ஜுரம், கண்ணில் பீளை, முதலில் மலச்சிக்கல், பிறகு கழிச்சல், பின்னங்கால் தள்ளாட்டம் ஆகியவை இதன் குறிகள். காதிலும் அடிவயிற்றிலும் தொடையிலும் தோல் ஊதாநிறமாகும். ஆனால் எரிசிபெலஸைப்போல் மேடாக இராது. இதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசி போடுவதே வழி. முன்னர் முயல்களில் தயாரித்து வந்த தடுப்பு மருந்துக்குப் பதிலாக, திசு வளர்ப்பு முறையில் தயாரித்த மருந்தொன்றை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2020ல் வெளியிட்டது. குட்டிகளுக்கு எப்போது போடுவது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிக. 2009ல் மனிதரிடையே பரவிய ‘பன்றிக் காய்ச்சல்’ வேறு வியாதி.

ஆப்பிரிக்கப் பன்றி ஜுரம்: 1921ல் கென்யாவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இவ்வியாதி, 2020ல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசங்களில் கண்டறியப்பட்டது. 2022ல் கேரளத்து வயநாட்டிலும், 2023ல் நீலகிரி முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் காணப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிகளிலோ கொட்டில் முழுவதையும் அழித்துவிடக்கூடியது. சிகிச்சை கிடையாது. கண்ணால் பார்த்து இதனையும் முந்திய பன்றி ஜுரத்தையும் வேறுபடுத்த இயலாது. ரத்தம் முதலியவற்றைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியே தீர்மானிக்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்: மீன் கழிவையும் எச்சில் சோற்றையும் ஒரு மணி நேரம் கிளறிக் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே போடவேண்டும். பன்றி மாமிசக் கழிவை அடியோடு விலக்குக. புதிதாய் வாங்கிய பன்றியை முப்பது நாள் தனியே வைத்திருக்க வேண்டும். கொட்டிலை முதலில் சாணமும் அழுக்கும் நீங்கக் கழுவிய பின்பே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்த மருந்து பலிக்காது.

இறந்த பன்றியை ஏரியிலோ உப்பங்கழியிலோ எறிவது பெருந்தவறு. ஏரிக்கரை மணலில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஆதலால் மேட்டு நிலம் பார்த்து, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். மேட்டு நிலம் இல்லாவிடில் எரித்துவிடலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு: 2009ம் வருஷத்துத் தொத்துவியாதித் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையில் கண்ட வியாதியெனச் சந்தேகித்தால் பிராணியின் சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவித்தல் கடமை, அங்கிருந்து கால்நடை வைத்தியருக்குத் தகவல் செல்ல வேண்டும். நோயுற்றதைப் பிரித்து வைப்பதும் சொந்தக்காரர் பொறுப்பே. ஆப்பிரிக்க ஜுரம் ஊர்ஜிதமானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பன்றிகளை அழிக்கவும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கவும் ஏற்பாடு உண்டு. அவ்வாறு அழிக்கப்படும் பன்றிகளுக்கு இழப்பீடு அளிக்கும் திட்டமும் உள்ளது. இதனை எடுத்துச் சொன்னால் குடிகளின் அச்சம் தணியும்.

நோயுற்ற பன்றியை வந்த விலைக்குத் தள்ளிவிடுபவர், தம் நஷ்டத்தைக் குறைத்துக்கொள்வதாக எண்ணலாம். உண்மையில் அவர் வியாதியையே அடுத்த ஊருக்கு விற்கிறார். அது மறுபடியும் அவர் கொட்டிலுக்கே திரும்பி வர அதிக நாள் செல்லாது.