இளவேனிற் பூவுக்குத் தை மாத விதை

காலபோக நெல் வீடு வந்து சேரும் தை மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்குப் பூவைப் பற்றிய நினைவு எழுவதில்லை. வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்க் கன்றுக்கும் இறைப்பதிலேயே பொழுது கழிந்துவிடும். சித்திரை வருடப் பிறப்பு நெருங்கியதும், வைகாசியிற் கலியாண வீடுகள் தொடங்கியதும், பூவுக்குக் கடையைத் தேடி ஓடுகின்றோம். அப்பொழுது விதை வாங்கி என்ன பயன்? இளவேனிலிற் கொய்ய வேண்டிய பூவுக்கு முன்பனி முடியுமுன் விதையிடல் வேண்டும். இந்த ஒன்று தவறினால் ஏனைய கவனிப்பெல்லாம் வீணாகும்.

இதனை யான் பிறருக்குச் சொல்லுமுன் என் வளவிலேயே பட்டறிந்தேன். ஒரு வருடம் மாசி பிறந்த பின்னரே சினியா விதையைத் தூவினேன். கன்றுகள் செழித்து வளர்ந்தன. அயலவர் பாராட்டவுஞ் செய்தனர். வருடப் பிறப்பன்று பாத்தியில் நின்றவை இலையும் இறுகிய மொட்டுமே. பூ விரிந்தபோது சித்திரை முடியுந் தறுவாய். சில நாட்களுள் சோளகக் காற்று எழுந்து பாதிச் செடிகளைச் சாய்த்துவிட்டது. பூ வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த வீட்டாருக்கு யான் சொன்ன சமாதானம் எனக்கே திருப்தி தரவில்லை.

கணக்கு எளியது. சினியா விதையிட்ட நாளிலிருந்து 60 முதல் 70 நாட்களிற் பூக்கும். நுனி கிள்ளிவிட்டால் மேலும் ஒரு கிழமை அல்லது பத்து நாள் பிந்தும். ஆகவே 80 நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வருடப் பிறப்பு ஏப்ரல் 14ஆந் திகதியாயின், விதையிடும் நாள் ஜனவரி 24, அதாவது தை மாதம் பத்தாம் நாளளவில் ஆகும். பொங்கல் முடிந்த கையோடு இவ்வேலையைச் செய்தல் நன்று. வைகாசிக் கலியாணங்களுக்கும் வெசாக் பண்டிகைக்கும் பூ வேண்டுவோர் மூன்று கிழமை கழித்து இன்னொரு பாத்தி விதைக்கலாம்.

இங்கே கூறப்படுவது கொய்மலரைப் பற்றியதாகும். அதாவது நீண்ட தண்டோடு வெட்டிச் சாடியில் வைக்கும் பூ. மாலை தொடுக்கும் மல்லிகைக்குத் தண்டு வேண்டியதில்லை. கொய்மலருக்கோ தண்டின் நீளமும் உறுதியுமே பாதி விலை. நமது வெயிலுக்கு ஏற்றவை சினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, நிலச்சம்பங்கி ஆகியன. நுவரெலியாவில் மலரும் டேலியாவைக் கண்டு ஆசைப்பட்டு இங்கே நடுவோர் பலர். குளிர்ச்சியை விரும்பும் அச்செடி பங்குனி வெயிலில் வருந்துவதைப் பார்க்கச் சகியாது. புதிதாகத் தொடங்குவோர் சினியாவையே முதலில் எடுத்துக்கொள்க. மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த செடியாதலால் வெப்பத்துக்கு அஞ்சாது.

பத்தடி நீளமும் மூன்றடி அகலமுங் கொண்ட ஒரு பாத்தி முதல் வருடத்துக்குப் போதும். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் கீழுள்ள கிணற்று நீரே நமக்குக் கதி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மரக்கறிக்குரிய நீரைப் பூவுக்குத் திருப்புதல் புத்தியன்று. இவ்வளவு பாத்திக்கு, வைக்கோல் பரப்பியிருந்தால், பத்து லீற்றர்ப் பூவாளியால் மூன்று வாளி நீர் இரண்டு நாளுக்கொரு முறை போதியது. சவர்க்காரம் கலவாத, அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரையும் ஊற்றலாம். அறுவடை செய்த வைக்கோல் அருகிற் கிடக்கவே வெறும் மண்ணைக் காயவிடுவது வீண் நட்டம்.

பாத்தியை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கடகம் கலந்துவிடுக. யூரியாவை அள்ளி இடுதல் ஆகாது. அது இலையைப் பெருக்கித் தண்டை மென்மையாக்கிப் பூவைப் பிந்தச் செய்யும். விதைகளை ஓரடி இடைவெளியுள்ள வரிசைகளில், ஒன்பது அங்குலத்துக்கு இரண்டாக, கால் அங்குல ஆழத்தில் இடுக. வேரை அசைப்பதைச் சினியா விரும்பாததால் நாற்றுமேடையைவிட நேரே பாத்தியில் இடுவதே மேலானது. எறும்பு விதையை எடுத்துச் செல்லாதபடி பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கோடாகத் தூவலாம். நான்கு முதல் ஏழு நாட்களில் முளைக்கும். பின்னர் இடத்துக்கொரு நல்ல கன்றை விட்டு மற்றதைக் களைக.

விதையிட்ட நாலைந்து கிழமையில், கன்று எட்டு முதல் பத்து அங்குலம் உயர்ந்து நாலு சோடி இலை கண்டதும், நடு நுனியைக் கிள்ளிவிடல் வேண்டும். பெரும்பாலானோருக்கு மனம் வராத வேலை இதுதான். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் என் கையைப் பிடித்து, "தம்பி, பூக்கப் போற தலையைக் கிள்ளச் சொல்லுறியளே, பாவமல்லோ" என்றார். அவர் விருப்பப்படி ஒரு வரிசையைக் கிள்ளாது விட்டோம். அவ்வரிசை முந்திப் பூத்தது உண்மையே. ஆயினும் செடிக்கு ஒரு பெரிய பூவும் கட்டைத் தண்டில் இரண்டொரு சிறு பூவுமே கிடைத்தன. கிள்ளிய வரிசைகளில் ஒவ்வொரு செடியும் நாலு, ஐந்து நீண்ட கிளைகளை எறிந்தது. மறு வருடம் அத்தாயார் எவரும் சொல்லாமலே கிள்ளிவிட்டார்.

வைகாசியிற் சோளகம் வீசுமுன் பாத்தியின் நாலு மூலையிலும் காய்ந்த தடிகளை ஊன்றி, முழங்கால் உயரத்தில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுக. செடிகள் அக்கட்டங்களினூடே எழுந்து நிற்கும்.

சினியாவின் பெரும் பகை இலையிற் படியும் வெண்சாம்பல் போன்ற பூஞ்சண நோய். நெருக்கமாக நட்ட பாத்தியிலேயே இது விரைந்து பரவும். நீரை அடியில் ஊற்றுதலும், கீழிலைகளில் வெண்மை கண்டதும் பிடுங்கி எரித்தலும் பெரும்பாலும் போதுமானவை. கோழிக்கொண்டை நடுவோர்க்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. கத்தரி, தக்காளிச் செடிகளைப் பிடுங்கியபோது வேரில் முடிச்சுக்கள் காணப்பட்ட நிலத்தில் அதனை நடவேண்டாம். அம்முடிச்சை உண்டாக்கும் வட்டப்புழு கோழிக்கொண்டையையும் பற்றும்.

இனி, கொய்தல். காலையில் வெயில் ஏறுமுன், கையில் நீர் நிறைந்த வாளியோடு பாத்திக்குச் செல்க. சினியா மொட்டாக வெட்டினால் சாடியில் விரியாது. முழுதும் விரிந்தது போலத் தோன்றினாலும் தண்டு முற்றியிருக்க வேண்டும். இதற்கு நல்ல சோதனை ஒன்றுண்டு: பூவுக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுக. கழுத்துத் துவண்டு பூ தலையாட்டினால் இன்னும் இரண்டொரு நாள் பொறுக்கவும்; விறைத்து நின்றால் வெட்டலாம். வெட்டும்போது கஞ்சத்தனம் கூடாது. ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே, செடியின் உட்புறம் வரை தாழ்த்தி வெட்டுக. அவ்விலைக் கக்கங்களிலிருந்து இரண்டு புதிய கிளைகள் எழும். பூவைச் செடியிலேயே விட்டு அழகு பார்ப்பவர் வீட்டில் அது விதை கட்டத் தொடங்கும். விதை கட்டினால் பூப்புக் குறையும். விற்பனை இல்லாத நாளிலும் முதிர்ந்த பூவை வெட்டி அகற்றவே வேண்டும்.

நீரில் அமிழும் இலைகளை உரித்துவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் நிழலில் இரண்டு மணி நேரமாவது நிறுத்திய பின் கட்டுக் கட்டலாம். அழுக்கு வாளியே பூவை விரைவில் வாட்டும். நாள்தோறும் நீரை மாற்றி, தண்டின் அடியைச் சிறிது நறுக்கினால் சினியா ஐந்து முதல் ஏழு நாட்கள் நிற்கும்.

நிலச்சம்பங்கிக் கிழங்கைத் தையில் இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால் மூன்று, நாலு மாதத்திற் கதிர் எறியும். கதிரின் அடியிலுள்ள ஒன்றிரண்டு சோடிப் பூ விரிந்ததும் வெட்டுக. மீதி சாடியில் ஒவ்வொன்றாக விரியும். வாடாமல்லியை வெட்டிச் சிறு கட்டாக நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் நிறம் மாறாது; அன்றன்று விற்க இயலாத இடத்தார்க்கு இது பெரும் வசதி.

அடுத்த வருட விதைக்கு, தண்டு நீண்டு நோயின்றி நின்ற இரண்டு செடிகளை இப்பொழுதே குறித்து வைத்து, அவற்றின் கடைசிப் பூக்களை மட்டுஞ் செடியிலேயே காயவிடுக. கடையில் வாங்கிய கலப்பின விதையாயின் தாயைப் போலப் பிள்ளை வராது. அதனை வருடந்தோறும் வாங்கவே வேண்டும். காய்ந்த தலைகளை உதிர்த்துப் போத்தலில் அடைத்து, நிறத்தையும் எடுத்த திகதியையும் எழுதி ஒட்டி, அடுப்படிச் சூடு படாத இடத்தில் வைத்துக்கொள்க.