ஒட்டுண்ணிக் குளவிகள்: உருவ இயல்பும் உழவர் நலனும்

கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டைத் தொட்டு நிற்கின்றன. பாலக்காட்டுச் சமவெளியில் நெல்லும் தென்னையும், இடுக்கியின் மலைச்சரிவுகளில் ஏலமும் மிளகும் தேயிலையும் பயிராகின்றன. சின்னாறு வட்டாரத்தின் வறண்ட காடுகள் முதல் மழை மிகுந்த சோலைகள் வரை பல்வகைத் தட்பவெப்பம் நிலவும் இப்பகுதி பூச்சியினங்கள் பெருகுவதற்கு ஏற்றதாகும். அவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத, ஆயினும் வேளாண்மைக்குப் பெரும் பயன் நல்கும் ஒரு வகை ஒட்டுண்ணிக் குளவிகளாகும்.

கேரளத்திலிருந்து இவற்றின் புதிய இனங்கள் தொடர்ந்து விவரிக்கப்பட்டு வருகின்றன. கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டி.சி. நரேந்திரன் பல நூறு இனங்களுக்குப் பெயரிட்டார். ஒரு குளவியின் உணர்கொம்பில் எத்தனை கணுக்கள் உள்ளன என்று எண்ணுவதால் உழவருக்கு என்ன பயன் என்ற வினா எழலாம். அதற்கான விடை பொருளாதாரம் சார்ந்தது.

உருவ அமைப்பு

இக்குளவிகள் பிற பூச்சிகளின் முட்டையிலோ, புழுவிலோ, கூட்டுப்புழுவிலோ தம் முட்டையை இடுகின்றன. வெளிவரும் இளம்புழு அப்பூச்சியையே உண்டு வளர்ந்து, இறுதியில் அதைக் கொன்றுவிடுகிறது. பல இனங்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையவை. சில அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை.

புதிய இனம் ஒன்றை விவரிக்கும் ஆய்வாளர் உணர்கொம்பின் கணுக்கள், சிறகின் நரம்புகளும் மயிர்களும், கால்களின் அமைப்பு, உடலின் நிறம், மேற்பரப்பில் உள்ள நுண்குழிகள், பெண்குளவியின் முட்டையிடும் குழலின் நீளம் ஆகியவற்றை நுண்பெருக்கியின் துணையுடன் அளந்து பதிவு செய்கிறார். மாவுப்பூச்சிகளைத் தாக்கும் என்சிர்டிட் குடும்பத்தில் நடுக்கால்களின் முள் தடித்திருக்கும்; துள்ளிப் பாய்வதற்கு அது உதவுகிறது. ட்ரைக்கோகிரம்மா குளவிகளின் பாதத்தில் மூன்று கணுக்களே உண்டு. முன்சிறகின் மயிர்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும்.

நெற்பயிரின் இலைச்சுருட்டுப் புழு, தண்டுத் துளைப்பான் ஆகியவற்றின் முட்டைகளை அழிப்பதற்கு இந்த ட்ரைக்கோகிரம்மா குளவிகள் அட்டைகளில் ஒட்டி வயல்களில் வைக்கப்படுகின்றன. புறத்தோற்றத்தில் இதன் இனங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் முன்னாளில் பெயர்க் குழப்பம் மிகுந்திருந்தது. ஆண்குளவியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே இனங்களைப் பிரித்தறிய உறுதியான அடையாளம் என்பதைப் பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1971ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். உலகெங்கும் இன்றும் இக்குளவிகளை அறிய அவ்வடையாளமே அடிப்படையாக உள்ளது.

பெயர் பிழைத்தால் பயிர் பிழைக்காது

இத்தகைய நுணுக்கம் ஏன் தேவை என்பதற்கு மரவள்ளிப் பயிரின் வரலாறு தக்க சான்றாகும். 1970களின் தொடக்கத்தில் மத்திய ஆப்பிரிக்காவில் தோன்றிய மாவுப்பூச்சி ஒன்று கோடிக்கணக்கான மக்களின் உணவுப் பயிரான மரவள்ளியை அழிக்கத் தலைப்பட்டது. அதன் தாயகமான தென் அமெரிக்காவில் இயற்கை எதிரிகள் தேடப்பட்டன. ஆனால் அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியைத் தாக்கிய மாவுப்பூச்சி, தோற்றத்தில் ஒத்திருந்தபோதிலும் வேறோர் இனம் என்பது 1981இல் தெளிவாயிற்று. அதை உண்ணும் குளவிகள் ஆப்பிரிக்க மாவுப்பூச்சிக்கு உதவவில்லை. அதே ஆண்டில் பராகுவே நாட்டில் உரிய மாவுப்பூச்சியும், அதைத் தாக்கும் அனகைரஸ் லோபெசி என்னும் குளவியும் கிடைத்தன. அக்குளவி ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைபெற்றது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

இதே மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. விரைவில் தமிழ்நாட்டின் மரவள்ளி வட்டாரங்களுக்கும் பரவியது. பூச்சியின் இனம் ஐயமின்றி அறியப்பட்டதால், அதற்குரிய குளவியைத் தேடிக் காலத்தை வீணாக்க நேரவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசியை வரவழைத்து, சோதனைகளுக்குப் பின் 2022இல் வயல்களில் விடத் தொடங்கியது.

தென்னையில் கிடைத்த பாடம்

2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளின் தென்னந்தோப்புகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. இதற்குரிய குளவியான என்கார்சியா குவாடலூப்பே, முன்னர் வந்த மற்றொரு சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து ஏற்கெனவே நம் நாட்டில் நிலைபெற்றிருந்தது. ஆகவே இரசாயன மருந்தைக் கண்மூடித்தனமாகத் தெளித்து அக்குளவியை அழித்துவிட வேண்டாம் என்பதே வல்லுநர்களின் அறிவுரையாயிற்று. உழவரும் இதை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அறியலாம். ஈயின் கூட்டில் வட்டமான துளை இருப்பின் குளவி வெளியேறியது என்று பொருள். 'டி' வடிவப் பிளவு இருப்பின் ஈயே வெளியேறியது எனக் கொள்ளலாம். வட்டத் துளைகள் மிகுந்த தோப்பில் மருந்துச் செலவு வீண் செலவாகும்.

செய்ய வேண்டுவன

புதிய இனம் விவரிக்கப்படும்போது அதன் மூல மாதிரி ஓர் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கப்பட வேண்டும். பின்னாளில் எழும் ஐயங்களுக்கு அதுவே இறுதிச் சான்று. 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் இப்பணியை நாடளாவிய முறையில் ஆற்றி வருகிறது. கோழிக்கோட்டிலும் அதற்கு மண்டல மையம் உண்டு. வகைப்பாட்டியல் கற்கும் மாணவருக்கு ஊக்கமளிப்பதும், புதிய பூச்சி தென்பட்டவுடன் மருந்துக்குப் பரிந்துரைக்கும் முன் அதன் மாதிரியை வல்லுநருக்கு அனுப்புவதும் இன்றியமையாதவை. எல்லைப்புற மாவட்டங்களில் இரு மாநில வேளாண் அலுவலர்களும் தகவல்களை உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். பூச்சிகளுக்கு மாநில எல்லை கிடையாது. அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் அளக்கும் ஒரு மில்லிமீட்டர், உழவரின் ஓராண்டு வருவாயைக் காக்கக்கூடும்.